நிறுத்து என்றால் நிறுத்து

வியாழக்கிழமை மாலை இரும்புக் கிடங்கில் வேலை முடிந்து வந்த லொரெட்டா, கார் ஷெட் கதவைத் தூக்கியதும் அப்படியே நின்றுவிட்டாள். கூரைக் கட்டையில், ஜீப்புக்கு நேர் மேலே, சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு திருகுக் கொக்கி. கொக்கியில் ஒரு கப்பி. கப்பியில் ஓடிய கயிறு சுவரோரம் இறங்கி, படகு வண்டியிலிருந்து கழற்றிய, கையால் சுற்றும் பழைய வின்ச்சில் போய்ச் சுற்றியிருந்தது. மறு நுனியில் சுமை கட்டும் மஞ்சள் நாடாப் பட்டை ஒன்று தொங்கியது. அதன் பக்கத்தில் அவள் புருஷன் டுவேன், கையில் பியர் டப்பாவோடு, பிள்ளை பெற்றவன் மாதிரி சிரித்துக்கொண்டு நின்றான்.

“எப்படி?” என்றான். 

“என்ன எப்படி?”

“கண்ணு தெரியலயா? ஜீப்பு டாப்பு தூக்குற மிஷினு. போன வருஷம் பட்ட பாடெல்லாம் இனிமே இல்ல. நான் இங்கேருந்து சுத்துவேன். நீ கீழ நின்னு ரெண்டு கையாலயும் லேசா புடிச்சுக்கிட்டா போதும், ஆடாம.”

“கீழன்னா எங்க?”

“கீழன்னா கீழதான். டாப்புக்குக் கீழ.”

லொரெட்டா சாப்பாட்டுப் பையைத் தரையில் வைத்துவிட்டு அந்த மஞ்சள் பட்டையைக் கையில் எடுத்தாள். விளிம்பு நெடுகக் கட்டைவிரலை ஓட்டினாள். ஓரிடத்தில் விரல் நின்றது. நகம் நுழையும் அளவுக்கு ஒரு வெட்டு. இடுப்பிலிருந்து கத்தியை எடுத்தாள். பட்டையைக் குறுக்கே அறுத்து இரண்டு துண்டாக்கி அவன் காலடியில் போட்டாள்.

“ஏய்! பைத்தியமா உனக்கு? நல்ல பட்டைடி அது!”

“வெட்டு விழுந்த பட்டை. எங்க கிடங்குல பாத்த எடத்துலயே அறுத்துடுவோம். இல்லாட்டி எவனாவது அவசரத்துக்கு எடுத்து மாட்டுவான். உன்ன மாதிரி ஒருத்தன்.”

“உங்க கிடங்கு, உங்க கிடங்கு. கேட்டுக்கு வெளிய சீட்டு எழுதுறவளுக்கு இன்னும் கிடங்கு பேச்சு குறையல.”

அதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன பிறகு அவனுக்கே தெரிந்தது. பியரை ஒரு மடக்குக் குடித்துவிட்டு வீட்டுக்குள் போய்விட்டான்.

லொரெட்டா சீட்டு எழுதப் பிறந்தவள் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கிரேனுக்குக் கைகாட்டியவள். பத்து டன் இரும்புச் சுருள் தலைக்கு மேலே போகும்போது, எங்கே இறக்க வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்று அவள் விரல்தான் சொல்லும். மேலே உட்கார்ந்திருப்பவன் அவள் கையை மட்டும்தான் பார்ப்பான், வேறு எவன் கை காட்டினாலும் கவனிக்க மாட்டான். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. ‘நிறுத்து’ என்பதை யார் சொன்னாலும் நிறுத்த வேண்டும். கூட்டுகிறவன் சொன்னாலும், காப்பி கொண்டுவருகிறவன் சொன்னாலும், விளையாட்டுக்குச் சொன்னாலும் நிறுத்த வேண்டும். முதலில் நிறுத்து, அப்புறம் ஏன் என்று கேள். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவள் காட்டிய சுமைக்குக் கீழே ஒருவனுக்கும் ஒரு நகக்கண் கூடப் பிசகியதில்லை.

அவள் தோள் பிசகியது இந்த ஷெட்டில்தான்.

அவர்கள் ஊரான டொலிடோவில் பாதிப் பேருக்கு ஜீப் என்றால் வீட்டுப் பிள்ளை. அந்த வண்டி பிறக்கிற ஊர். பனிக்காலம் முழுக்க டாப்பை, கழற்றி மாட்டுகிற கெட்டிக் கூரையை, மாட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். மே மாதம் முதல் வெயில் சனிக்கிழமை வந்ததும் தெருத் தெருவாக டாப்பைக் கழற்றுவார்கள். பக்கத்து வீடு, எதிர் வீடு என்று நாலு பேரைக் கூப்பிட்டு மூலைக்கு ஒருவராகத் தூக்கி இறக்கி, ஒரு பெட்டி பியர் உடைத்து, இறைச்சி சுட்டுத் தின்று, அந்தச் சாயங்காலமே திறந்த வண்டியில் ஏரிக்கரை வரை போய்வருவார்கள். அது வழக்கம். ஆனால் டுவேன் யாரையும் கூப்பிட மாட்டான். “நாலு பேரக் கூப்புடறவன் ஜீப்பு வெச்சுக்கவே கூடாது” என்பான். கண்ணாடித் தொழிற்சாலையில் முப்பது வருஷம் பாரம் சுமந்த உடம்பு என்கிற திமிர். அதனால் மற்ற முனையைத் தூக்குகிறவள் எப்போதும் லொரெட்டாதான்.

போன வருஷம் அப்படித்தான் தூக்கினார்கள். நூற்று நாற்பது பவுண்டு. அவள் பின்பக்கமாக நடந்தாள். குதிகாலில் பனி அள்ளும் மண்வெட்டி தட்டியது. “நிறுத்து” என்றாள். அவன் நடந்தான். “டுவேன், நிறுத்து!” அவன் நடந்தான். மூன்றாவது முறை கத்தினாள். அவன் இன்னும் ஓர் அடி தள்ளினான். அவள் மல்லாந்து விழ, டாப்பின் முனை இடது தோளில் வந்து இறங்கியது. தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சை முடிந்து, ஏழு மாதம் வீட்டில் கிடந்தாள். கை இப்போது காதுமட்டத்துக்கு மேல் போகாது.

அதுகூடப் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது வேறு. டுவேன் மதுக்கடையில் உட்கார்ந்து, கேட்டவனுக்கெல்லாம் சொன்னான்: “வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லலய்யா. பின்னாடி பாக்காம நடந்து விழுந்துட்டா.” அந்த மதுக்கடையில்தான் கிடங்கு மேஸ்திரி ரோலண்டும் குடிப்பார். லொரெட்டா வேலைக்குத் திரும்பிய அன்று ரோலண்ட் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். “கை ஒரு பக்கம் இருக்கட்டும் லொரெட்டா. காட்டுறதுக்கு வலது கை போதும். ஆனா சொந்த வீட்டுல பின்னாடி பாக்காம, நிறுத்துன்னு சொல்லாம நடந்தவள நான் எப்படி சுருளுக்குக் கீழ நிக்க விடறது? என் ஆளுங்க உசுரு.” அன்றிலிருந்து வாசல் கூண்டில் உட்கார்ந்து வரும் லாரிக்குச் சீட்டு எழுதுகிறாள்.

வீட்டில் கேட்டால் டுவேன் ஒரே பாட்டுத்தான் பாடுவான். “நீ கத்தினது என் காதுல விழல. சத்தியமா விழல.” அதுவே ஒரு வருஷமாக அவள் நெஞ்சில் கங்கு மாதிரி கிடந்தது. விழவில்லையா? மூன்று முறை கத்தியது விழவில்லையா?

வெள்ளிக்கிழமை அவள் முகம் கழுவிய கையோடு ஷெட்டுக்குப் போனாள். பனியில் சக்கரம் வழுக்காமல் இருக்க வண்டியின் பின்னால் போட்டுவைத்த மணல் மூட்டைகள் மூலையில் கிடந்தன. ஒவ்வொன்றும் அறுபது பவுண்டு. ஜீப்பைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திவிட்டு, காலால் உருட்டி நான்கையும் கொக்கிக்குக் கீழே கொண்டுவந்தாள். புதுப் பட்டை ஒன்றைச் சுற்றி மாட்டினாள்.

“வா, உன் மிஷின சுத்து” என்றாள்.

“மணல எதுக்கு?”

“ஆளு கீழ நிக்கறதுக்கு முன்னாடி மணலத் தூக்கிப் பாக்கணும். சுமையோட ஒன்றரை மடங்கு. நூத்தி நாப்பதுக்கு இருநூத்திப் பத்து. மூட்டையப் பாதியா வெட்ட முடியாது, அதனால நாலு.”

“வேணும்னே உடைக்கப் பாக்கற.”

“உடையாதுன்னா உனக்கென்ன பயம்? சுத்துயா.”

எதிர் வீட்டு நார்பர்ட் புல்வெட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றார். ஆள் பார்க்க நிற்கிறான் என்றதும் டுவேனுக்கு வேறு வழியில்லை. சுற்றினான். மூட்டைகள் தரையை விட்டு எழும்பின. முழங்கால் உயரம், இடுப்பு உயரம். கூரைக் கட்டை முனகியது. பழைய நாற்காலியில் குண்டு ஆள் உட்கார்ந்த மாதிரி ஒரு சத்தம். டுவேன் பயந்துபோய், இறக்கலாம் என்று, வின்ச் திரும்பிச் சுழலாமல் பிடித்திருந்த பல்லைத் தட்டிவிட்டான். அது படகு இழுக்கிற வின்ச். பல்லை எடுத்தால் பிடிக்க ஒன்றும் இல்லை. கைப்பிடி பம்பரமாகச் சுழன்று அவன் விரல் முட்டிகளில் அடித்தது. மூட்டைகள் விழுந்து, பாதியில் கயிறு சிக்கிக்கொண்டு சுண்டின. கூரைக் கட்டை குறுக்கே பிளந்து, கொக்கி பிடுங்கிக்கொண்டு வந்தது. ஒரு மூட்டை வெடித்து ஜீப்பின் பம்பர் வரை மணல் சிதறியது.

டுவேன் கையை உதறிக்கொண்டு குதித்தான். “என் கூரைடி! என் கூரைய உடைச்சிட்டியே!”

“கூரைக் கட்டை கூரையச் சுமக்கறதுக்கு. கீழ தொங்கறதச் சுமக்கறதுக்கு இல்ல. நாளைக்கு அங்க யாரு நிக்கறதா இருந்தது?” அவள் மணலைக் காட்டினாள். “சொல்லு. யாரு?”

“நீ அளவுக்கு மேல போட்ட.”

“யாருன்னு கேட்டேன்.”

அவன் விரலை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே உள்ளே போனான். நார்பர்ட் தலையைச் சொறிந்தார். “நல்லவேளை, மணலுக்குப் பொண்டாட்டி புள்ள கெடையாது” என்றார்.

அன்றே லொரெட்டா முடிவு பண்ணிவிட்டாள். இந்த ஷெட்டில் டாப்பு தூக்க ஒன்று இருக்குமென்றால் அதை அவள்தான் கட்டுவாள். “அந்தக் கையை வெச்சுக்கிட்டா?” என்று டுவேன் சிரித்தான். “இந்தக் கையை வெச்சுக்கிட்டுத்தான்” என்றாள்.

பத்து நாள் ஆனது. முன்பு இருந்தவர்கள் ரொட்டி லாரி நிறுத்தக் கட்டிய ஷெட் அது, உயரத்துக்குக் குறைவில்லை. கூரையை அவள் தொடவே இல்லை, பிளந்த கட்டைக்கு இருபக்கமும் பலகை வைத்து இறுக்கியதோடு சரி. இரண்டு சுவரோரமும் மூன்று பலகை ஒட்டிய கனத்த கால்களை நிறுத்தி, அடியில் சிமெண்டுத் தரையோடு போல்ட் போட்டாள். கால்களுக்கு மேலே குறுக்காக ஓர் உத்தரம். இரண்டு அகலப் பலகைகளுக்கு நடுவில் பிளைவுட் வைத்துப் பசை தடவி, இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை போல்ட் ஓட்டி இறுக்கியது. மூலைக்கு மூலை சாய்வுக் கட்டை. சுமை தரையில் நிற்க வேண்டும், ஆணியில் நிற்கக் கூடாது என்பது அவள் கணக்கு. இடது கை எட்டாத இடத்தில் ஏணியை இரண்டு படி கூடுதலாக ஏறினாள். ராத்திரி தோள் தீயாக எரியும். அப்போதெல்லாம் பக்கத்தில் குறட்டை விடுகிறவனைப் பார்ப்பாள், எரிச்சல் இன்னும் ஏறும்.

உத்தரத்தைத் தூக்கி வைக்க நார்பர்ட்டைக் கூப்பிட்டாள். அவர் அண்ணாந்து பார்த்தார்.

“தூக்குமரம் மாதிரில்ல இருக்கு. யாருக்கு?”

“இன்னும் முடிவு பண்ணல.”

“டுவேன் கழுத்து அளவு எடுத்தாச்சா?”

“அவரு கழுத்துக்கு இது போதாது. திமிரு கனம் தனி.”

டுவேன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தான். “சிரிங்க, சிரிங்க” என்றான். ஒரு பலகையைக் கூடத் தொட்டுக் கொடுக்கவில்லை.

வின்ச்சுக்கு மட்டும் அவள் நாலு கடை ஏறி இறங்கினாள். கையை விட்டால் விட்ட இடத்திலேயே நிற்கிற வகையாக இருக்க வேண்டும். இறக்குவதற்கும் சுற்றத்தான் வேண்டும். மெதுவாகத்தான் நகரும், நகரட்டும். சுற்றுகிறவள் டாப்புக்குப் பக்கத்தில் நிற்காதபடி அதைக் கதவோரச் சுவர்க் காலில் பொருத்தினாள். டாப்பைத் தாங்க ஒரு சட்டம் செய்து, நாலு மூலைக்கும் நாலு பட்டை கட்டி, உரசும் இடங்களில் பழைய கம்பளத்தைச் சுற்றினாள். டாப்பு மேலே ஏறி நின்றதும் உத்தரத்தோடு சேர்த்து மாட்ட இரண்டு சங்கிலி. கயிறு அறுந்தாலும் சங்கிலி பிடிக்கும். கடைசியாக, தொங்கும் சுமை விழக்கூடிய இடத்தைச் சுற்றித் தரையில் சிவப்புக் கோடு போட்டாள். வெடித்ததை வேறு சாக்கில் அள்ளிக் கட்டி, மறுபடி நாலு மூட்டை மணல். ஒரு ராப்பகல் தொங்கவிட்டாள். உத்தரத்துக்குக் கீழே கட்டிய நூலுக்கும் மரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி நகக்கனம்கூட மாறவில்லை. உத்தரத்தில் பெயின்டால் எழுதினாள்: நூற்று அறுபது பவுண்டுக்கு மேல் கூடாது.

சனிக்கிழமை வெயில் பளிச்சென்று அடித்தது. நார்பர்ட்டும் அவர் மனைவி ஃபிலிஸும் வந்தார்கள். ஃபிலிஸ் வாசலில் அடுப்பைப் பற்றவைத்துக் கொழுத்த சாசேஜுகளைப் புரட்டிக்கொண்டிருந்தாள். லொரெட்டா டாப்பின் முன்பலகை இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்தாள். பக்கவாட்டு போல்ட்டுகளைக் கழற்றி எண்ணி டப்பாவில் போட்டாள். பட்டைகளை மாட்டினாள். பின்மூலையில், கண்ணாடி துடைக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடுங்கினாள். பக்கத்திலேயே மின் ஒயரின் பிளக். அதற்குக் கை நீட்டியபோது டுவேனின் குரல் கேட்டது.

“நாங்க ரெண்டு பேரும் உக்காந்து யோசிச்சோம் ஃபிலிஸ். கூரையில போட்டா தாங்காதுன்னு நான்தான் சொன்னேன். அதான் கால் நட்டோம்.”

லொரெட்டாவின் உச்சிமண்டை கொதித்தது. எழுந்தாள். “நட்டோமா? யாரு நட்டது? எந்தப் பலகையப் புடிச்ச நீ? காட்டு. ஒரு போல்ட்டக் காட்டு!”

“வந்தவங்க முன்னாடி ஏன்டி கத்தற?”

“போ. கோட்டுக்கு அந்தப் பக்கம் போ. எல்லாரும் போங்க.”

நேராக வின்ச்சுக்குப் போனாள். வலது கையால் சுற்றினாள். நாலு பட்டைகளும் விறைத்தன. டாப்பு முனகி, ரப்பரை விட்டுப் பிரிந்து, விரல்கடை உயரம் எழும்பியது.

“நிறுத்து!” என்றான் டுவேன்.

லொரெட்டாவுக்கு அவனை அறைய வேண்டும் போலிருந்தது. வேண்டுமென்றே சொல்கிறான், பழி வாங்குகிறான் என்றுதான் நினைத்தாள். ஃபிலிஸ்கூட “சும்மா இருய்யா” என்றாள். கை இன்னொரு சுற்றுக்குத் துடித்தது. ஆனால் நிறுத்திவிட்டாள். சொல் காதில் விழுந்த கணமே கை நின்றுபோயிருந்தது.

“என்ன?” என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

“ஒயரு. பின்னால ஒயரப் பாரு.”

பின்மூலையில் ஒயர் நாண் மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. அவள் பிடுங்காமல் விட்ட பிளக். இன்னும் அரைச் சுற்று சுற்றியிருந்தால் வேரோடு பிய்ந்திருக்கும். லொரெட்டா இரண்டு சுற்று இறக்கினாள். போய் பிளக்கைக் கழற்றினாள். திரும்பி வந்து பழையபடி விரல்கடை உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினாள். முகம் சிவந்திருந்தது. தப்பு அவளுடையதுதான். அதில் இரண்டு பேச்சில்லை.

டுவேனால் சும்மா இருக்க முடியவில்லை. தொடையைத் தட்டிச் சிரித்தான். “பாத்தீங்களா? சட்டம் பேசுற மகாராணி! இருபத்திரண்டு வருஷ அனுபவம்! நான் மட்டும் சொல்லலேன்னா என்ன ஆயிருக்கும்?”

“ஆமா. நீ சொன்ன” என்றாள் லொரெட்டா. “ஒரே ஒரு தடவ சொன்ன. நான் நிறுத்திட்டேன். உன் மேல எனக்கு இருக்கற ஆத்திரத்துல உன் கொரலக் கேட்டாலே குமட்டுது, ஆனா நிறுத்திட்டேன். நான் மூணு தடவ சொன்னேன் டுவேன்.”

“மறுபடி ஆரம்பிச்சிட்டியா? என் காதுல விழலன்னு…”

“எனக்கு விழுந்தது” என்றார் நார்பர்ட்.

எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். “தெருவுக்கு அந்தப் பக்கம் புல்லு வாரிக்கிட்டு இருந்தேன். மூணு தடவையும் கேட்டுச்சு. புருஷன் பொண்டாட்டி விவகாரம், நமக்கெதுக்குன்னு இருந்துட்டேன்.”

லொரெட்டா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பொய்யில் அவருக்கும் ஒரு பங்கு உண்டு என்றது அந்தப் பார்வை. பிறகு டுவேன் பக்கம் திரும்பினாள்.

டுவேனின் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. டப்பாவைக் கையில் நசுக்கினான். “கேட்டுச்சு” என்றான். “இன்னும் ரெண்டே அடிதான். வெச்சுட்டு என்னன்னு கேப்போம்னு நெனச்சேன்.”

லொரெட்டாவுக்கு அழுகை வரவில்லை. அந்த ரெண்டடியை அவள் மனசு அளந்தது. ஒரு வருஷமாகத் தன் காதையே, தன் தொண்டையையே சந்தேகப்பட்டிருக்கிறாள், ஒருவேளை கத்தவே இல்லையோ என்று.

“ரோலண்டுக்குப் போன் போடு” என்றாள்.

“இப்பவா? சனிக்கிழமை…”

“இப்ப. இந்த வின்ச்சு கைய விட்டாலும் நிக்கும். டாப்பு ஏறவும் ஏறாது, எறங்கவும் எறங்காது. உன் ஜீப்பு இப்படியே கெடக்கும். தொங்கற சுமைய விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு சட்டம், அதனால நானும் இங்கயே நிப்பேன். திங்கக்கிழமை வரைக்கும் நிப்பேன். போடு.”

“வீட்டு விஷயத்த…”

“மதுக்கடையில சொன்னப்ப வீட்டு விஷயமா தெரியலயா உனக்கு?”

வெளியே வாசலில் திறந்த ஜீப் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. உள்ளே இருந்தவர்கள் கை அசைத்தார்கள். யாரும் பதிலுக்கு அசைக்கவில்லை. டுவேன் பையிலிருந்து போனை எடுத்தான். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வை என்று லொரெட்டா சொன்னாள், வைத்தான்.

“என்னய்யா, டாப்பு கழட்டியாச்சா?” என்றது ரோலண்டின் குரல்.

“ரோலண்டு, போன வருஷம் லொரெட்டா விழுந்தா இல்ல… நான் சொன்னது பொய்யி. அவ கத்தினா. நிறுத்துன்னு மூணு தடவ சொன்னா. எனக்குக் கேட்டுச்சு. நான்தான் நிறுத்தல.”

ரோலண்ட் சொன்னார்: “உன் பேச்ச நம்பி நான் ஒரு நல்ல வேலக்காரிய வெளிய உக்காத்தி வெச்சிருக்கேன்டா நாயே. அவ பக்கத்துல இருக்காளா? திங்கக்கிழமை கூண்டுக்குப் போக வேணாம், நேரா என்கிட்ட வரச் சொல்லு. கையப் பத்தி டாக்டரு எழுதிக் கொடுக்கட்டும். மத்தது எனக்குப் போதும்.” போன் அணைந்தது.

டுவேன் போனைப் பையில் போட்டான். “போதுமா?” என்றான்.

“போதாது” என்றாள் லொரெட்டா. “ஆனா டாப்பத் தூக்கலாம்.”

“நான் வேணா சுத்தட்டுமா? உன் தோளு…”

“தொடாத. பின்னால போ.”

அவன் கோட்டுக்கு அப்பால்தான் நின்றிருந்தான். இருந்தும் பின்னால் நகர்ந்தான். அவள் சுற்றச் சுற்ற, டாப்பு மெல்ல மேலே போகப் போக, ஒவ்வொரு அடியாக அவனும் நகர்ந்துகொண்டே போனான், முதுகு சுவரில் முட்டும் வரைக்கும்.